இரும்பு மாத்திரையும் கட்டன் சாயாவும்

அக்காவின் கர்ப்பப்பையில் கட்டி. அறுவை சிகிச்சைக்கு முன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்துக்கு ஏற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று மாதம் இரும்பு மாத்திரை விழுங்கிய பிறகும் பரிசோதனைச் சீட்டில் ஏழரை என்றுதான் இருந்தது.

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் அக்கா இருபது வருடமாகக் கொழுந்து எடுக்கிறாள். அவள் வீடு இருக்கும் கீழ்லயத்து வரிசையில் குடியிருப்பவர்கள் அனைவரும் பட்டியல் சாதியினர். மேல்லயத்துக்காரர்கள் சாதியைச் சொல்வதில்லை. "கீழ்லயத்து ஆளுங்க" என்றால் அவர்களுக்குப் போதும்.

அவள் வீட்டில் சில நாள் தங்க வந்திருந்த நான் அன்று ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போயிருந்தேன். நர்ஸ் மலையாளி. எஸ்டேட் தமிழ் பேசுவார்.

"சேச்சி, மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டோ?"

"ஒருநா விடலம்மா. வேணும்னா அட்டையப் பாரு."

"எதோட முழுங்கும்?"

"கட்டன் சாயாவோடதான்."

நர்ஸ் பேனாவை மூடி வைத்தார். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பிட்ட பிறகு தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும் என்றார்.

அக்கா சிரித்தாள். "இத்தன வருசம் பறிச்சுக் குடுத்ததுக்கு நல்ல மரியாதைதான் செய்யுது."

அக்கா வீட்டில் காலையில் வடிக்கும் சோறு அத்தானின் தூக்குவாளிக்கும் மகள்கள் இருவரின் டிபன் பாக்ஸுக்கும் போய்விடும். அவளுக்குப் பால் இல்லாமல் சீனி மட்டும் போட்ட கட்டன் சாயா இரண்டு டம்ளர். தேயிலைத் தூள் எஸ்டேட்டில் மாதாமாதம் கொடுப்பார்கள். அந்த வீட்டில் தீராத பொருள் அது ஒன்றுதான்.

மறுநாளிலிருந்து காலையில் சாயாவை நிறுத்தி, வெந்நீரோடு மாத்திரை போட்டாள். நான்காம் நாள் மலைச்சரிவில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவள் தன் பாட்டிலிலிருந்து சாயா கொடுத்து எழுப்பியிருக்கிறாள்.

"சாயா இல்லாம மல ஏற முடியல. மாத்திரைய ராத்திரிக்கு மாத்திக்கிடுதேன். அப்பதான் சாப்பிட்டுட்டுப் போட முடியும்" என்றாள்.

அன்று மாலை விளக்குப் போட்டதும் மூன்று பேருக்கும் பரிமாறினாள். எனக்கும் வைத்தாள். நான் இருந்த நாட்களில் ஒரு தட்டு கூடுதல் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பானையில் ஒட்டியிருந்ததை வழித்தாள். ஒரு கைப்பிடிகூட இல்லை. வடித்த கஞ்சித்தண்ணீரை அதில் ஊற்றி, உப்புப் போட்டுக் குடித்தாள். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கஞ்சித்தண்ணி சாப்பாட்டுல சேரும்ல? நர்ஸம்மாட்ட கேட்டுச் சொல்லு."