துள்ளிய லொறியும் அஜந்தாவும்

அல்போன்சம்மாவுக்கு முழங்கால் வருத்தம். பனிக்காலத்தில் லாசால் பகுதிக் கராச்சில் திருத்த விட்ட காரை எடுக்கப் போனால், இருக்கை இதமாகச் சூடேறி இருக்கும். நல்ல கார் என்று இரண்டு வருடமாகக் காரைத்தான் மெச்சிக்கொண்டிருந்தார். சாவி கொடுக்கப் பத்து நிமிடம் முன்னதாக மெக்கானிக் அஜந்தா போய் அதைச் சூடேற்றி வைப்பதை ஒரு நாள் கண்டவர் இரவிச்சந்திரன். அவரும் யாருக்கும் சொல்லவில்லை.

அன்று அவர் தன் லொறியோடு அங்கே காத்து நின்றார். விமானங்களுக்கான சாப்பாட்டுத் தட்டுகளைச் சமையற்கூடத்திலிருந்து டோர்வல் விமான நிலையத்துக்கு ஏற்றிப் போவது அவர் வேலை. புதிய டர்போ லொறி வந்த நாளில் இருந்து சனி பிடித்தது. கியர் தானாக மாறும் ஒவ்வொரு தடவையும் வண்டி மாடு உதைத்தது போலத் துள்ளும். பின்னால் தயிர்க் கோப்பைகள் கவிழும். இன்னொரு முறை கவிழ்ந்தால் சாவியை வாங்கிக்கொண்டு தட்டுக் கழுவ விடுவேன் என்று பற்றிக் என்ற மேலாளர் சொல்லிவிட்டார். ஊரில் பருத்தித்துறை வீதியில் பதினெட்டு வருடம் பஸ் ஓட்டிய மனுசன், பாவம், என்ன செய்வார்? லொறிக்குத் திருநீறு பூசினார். சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்தார். லொறி துள்ளியது.

அஜந்தா மடிக்கணினியை இணைத்து, பக்கத்தில் ஏறி இருந்து, ஓட்டச் சொன்னாள். நாலு சந்தி தாண்டியதும் லொறியில் ஒரு பழுதும் இல்லை என்றாள். பிறகு அக்சிலரேற்றரை மிதித்த அவருடைய வலது காலைப் பார்த்தாள்.

“அண்ணை, கியர் மாறேக்க ஏன் காலை எடுக்கிறியள்?”

“எடுக்காட்டில் கியருக்கு நோகுமெல்லே, தங்கச்சி.”

அவள் சிரிக்கவில்லை. ஓரங்கட்டச் சொல்லி விளக்கினாள். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி. கியர் மாறும் கணத்தில் கொம்பியூட்டரே எஞ்சினின் இழுவையைக் கொஞ்சம் தணிக்கும். காற்றை மட்டும் அடங்க விடாது. அதே நேரம் இவரும் காலை எடுத்தால் அந்தக் காற்றும் அடங்கிப்போகும். திரும்ப மிதித்தால் பிந்தி வந்து ஒரேயடியாகத் தள்ளும்.

அவருக்கு விளங்கியது. காலுக்குத்தான் விளங்கவில்லை. எஞ்சின் சத்தம் ஏறியதும் பழைய பஸ் பழக்கத்தில் அது தன்பாட்டில் எழும்பியது. பத்துத் தரம் பார்த்துவிட்டு, சத்தம் காதில் விழுந்தால்தானே இந்தக் கரைச்சல் என்று யோசித்த அஜந்தா, சாமிப் பாட்டு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். கோயிலில் அவர் பதிகம் எடுத்தால் மைக் தேவையில்லை.

மறுநாள் விடிய மேலாளர் சோதிப்பதற்கு ஏறினார். இரவிச்சந்திரன் முருகனை நினைத்துக் குரலெடுத்தார். எஞ்சின் கத்தியது அவருக்கும் கேட்கவில்லை, காலுக்கும் கேட்கவில்லை. டோர்வல் வரைக்கும் ஒரு கோப்பை அசையவில்லை. பற்றிக் இறங்கி, இரண்டு காதையும் தடவிக்கொண்டு, இந்தப் பாட்டும் திருத்த வேலையில் சேர்ந்ததா என்று கராச்சுக்குப் போன் எடுத்துக் கேட்டார். அஜந்தா பிரெஞ்சில் “வுய்”, ஓம் என்றாள். சாரதியின் பிழை என்று அவள் வேலைத் தாளில் ஒரு சொல்லும் எழுதவில்லை.

மூன்று மாதத்தில் பாட்டு இல்லாமலே கால் அடங்கிவிட்டது. பாட்டை அவர் நிறுத்தவில்லை.

வசந்தத்தில் அஜந்தா ஒட்டாவாவில் சொந்தக் கராச் போடப் புறப்பட்டாள். வழியனுப்பப் போன இரவிச்சந்திரன் கோயில் பிரசாதத்தைக் கையில் கொடுத்து, இப்போதெல்லாம் சகலதையும் ஆண்டவனிடமும் கொம்பியூட்டரிடமும் விட்டுவிட்டு நிம்மதியாக ஓட்டுவதாகப் பெருமையோடு சொன்னார். அவள் தூக்கிய பெட்டியைத் திரும்பக் கீழே வைத்தாள்.

“பிறேக்கை மட்டும் நீங்களே பிடியுங்கோ, அண்ணை.”