இரவல் போன வீட்டு உறுதி

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அன்றைக்குக் கூத்துதான். ஒரு வீட்டில் நாற்காலி, இன்னொரு வீட்டில் தம்ளர், கலாராணி வீட்டில் மாம்பழக் கலர்ப் பட்டுச்சேலை என்று இரவல் பறக்கும். மாப்பிள்ளை வீட்டார் மலை இறங்கியதும் எல்லாம் அதனதன் வீட்டுக்குத் திரும்பிவிடும். ஒரு கரண்டி தொலைந்ததில்லை. அந்தக் காலத்தில் அடுத்த காம்பராவில் குடியிருந்த விஜயலெட்சுமியைப் பார்க்க வந்தபோதும் அந்தப் பட்டுதான். கலாராணிதான் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டாள். என்ன அழகாக இருந்தாள் பாவி!

கலாராணி கொழுந்து பறித்ததும் புருஷன் ஜெயராசா கொழும்பில் மூட்டை தூக்கியதும் சேர்ந்துதான் பதுளையில் ஒரு துண்டுக் காணியும் வீடுமாயிற்று. காணிப் பத்திரமான உறுதி அவள் பெயரில். ஜெயராசா கண்ணை மூடிய பிறகு அந்த நாலு சுவரைத் தவிர அவளுக்கு வேறு நாதியில்லை.

போன மாதம் விஜயலெட்சுமி வந்தாள்.

"அக்கா, மகளப் பாக்க வாறாங்க. சொந்த வீடு இருக்கானு கேக்குறாங்க. அந்தப் பட்டோட ஒங்க உறுதியயும் குடுங்க, காட்டிட்டுத் தாறேன்."

"எம்பேருல்லடி இருக்கு?"

"தள்ளி நின்னு காட்டுனா யாருக்கா வாசிக்கப் போறா?"

கலாராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலையோடு உறுதியையும் மடித்துக் கொடுத்தாள். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்று வாங்குகிறவளுக்குச் சொன்ன பெரியவர்கள், கொடுக்கிறவளுக்கு ஒன்றும் சொல்லி வைக்கவில்லையே!

இந்த முறை சேலையும் உறுதியும் திரும்பி வரவில்லை. ஒரு நாள், உறுதி எழுதும் பதுளை நொத்தாரிசு ஒருவர் அதிலிருந்த விலாசத்துக்கு ஆள் விட்டு அழைத்தார். மேசையில் அவளுடைய உறுதி கிடந்தது.

"நேத்து ஒருத்தி, நான்தான் கலாராணின்னு ஒங்க வீட்ட விக்க வந்தாம்மா. கையெழுத்தெல்லாம் அச்சா போட்டா. இப்ப சட்டப்படி கைரேகையும் வைக்கணும்ல? வெரல நீட்டுன்னதும் உறுதிய விட்டுட்டு ஓடிட்டா."

தன் கந்தோரில் மாட்டியிருந்த கேமராவில் பதிந்த படத்தைப் போனில் காட்டினார். மாம்பழக் கலர்ப் பட்டு. கொசுவம் கோணலாக இருந்தது. இவளுக்கு இன்னும் கட்டத் தெரியவில்லை என்றுதான் கலாராணிக்கு முதலில் தோன்றியது. தான் காய்ச்சலில் கிடந்தபோது மிளகுத்தண்ணி வைத்து ஊட்டியவள் இவள். பிறகுதான் மேசையில் கிடந்த உறுதியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்ச ஆளாம்மா? நீங்க பேரச் சொன்னாத்தான் பொலிசுக்குப் போகலாம்."

ஒரு சொல் சொன்னால் இனி வீட்டுக்கு ஆபத்தில்லை, ஆனால் விஜயலெட்சுமி உள்ளே போவாள்.

"தெரியும் சார். அந்தச் சேல என்னோடது, இரவல் குடுத்தேன். வீட்ட நான் யாருக்கும் இரவல் குடுக்கல. எழுதிக்குங்க, பேரு விஜயலெட்சுமி."

சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.