வெனிலாப் பூவும் விலை குறைந்த டெப்பும்

இலங்கையின் மாத்தளைக்குப் பக்கத்தில் உள்ள பலாபத்வலையில், பெரிய வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டமொன்றில் கலந்தர் இருபத்திரண்டு வருடமாகச் சுற்றுலாக்காரர்களுக்கு வழி காட்டுகிறார். கறுவாப் பட்டை, மிளகு, சாதிக்காய், கராம்பு என்று எதைக் கேட்டாலும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மடமடவென்று சொல்வார். ஜெர்மன் மொழியில் மூட்டு வலிக்கு எந்த எண்ணெய் பூசலாம் என்பது வரைக்கும் வரும்.

இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் பிரெஞ்சுக்காரர், போலந்துக்காரர். அவர்களுக்கு ஆங்கிலமும் அரைகுறை. முகத்தைச் சுளித்துக் காட்டி, வயிற்றைத் தடவிக் காட்டி விளக்கி முடிப்பதற்குள் கலந்தருக்கு மூச்சு வாங்கிவிடும். போனைவிடப் பெரிய திரையோடு, பேசுவதை மொழிபெயர்க்கிற டெப் ஒன்று வாங்கினால் என்ன என்ற யோசனை அப்படித்தான் வந்தது.

மாத்தளை டவுனில் போன் கடை வைத்திருக்கும் றினோஸ், சாமானை விற்பதற்கு முன்பே அதன் குறையைச் சொல்லிவிடுகிற ஆள்.

"கலந்தர் நானா, ஸ்கிரீன் பெருசு. சார்ஜ் நாள் முழுக்க நிக்கும். இதுட நல்லது அது ரெண்டும் தான்."

"மத்தது?"

"கொஞ்சம் ஸ்லோ. கெமரா பேருக்குத்தான் ஈக்குது. வெயில்ல புடிச்சா ஸ்கிரீன்ல ஒண்டும் தெரியாது."

"எங்கட தோட்டத்துல வெயில் தானே ஈக்குது!"

"அப்ப மரத்துக்குக் கீழ வெச்சுப் பாருங்க."

விலை கைக்கு எட்டுகிற மாதிரி இருந்ததால் கலந்தர் வாங்கிவிட்டார்.

முதல் நாள் டெப்பை வெயிலில் நீட்டிப் பிடித்தார். அதில் தெரிந்தது அவருடைய தொப்பியும் மூக்கும்தான். இரண்டாம் நாள் ஒரு பிரெஞ்சுத் தம்பதியைக் கொக்கோ மர நிழலுக்கு அழைத்துப் போய், கறுவா பற்றித் தமிழிலேயே சொன்னார்: "காலையில ஆள் வருவாங்க. வந்தா தோல் உரிப்போம்."

டெப்பின் திரையில் சிறு வட்டமொன்று சற்று நேரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு டெப் கணீரென்று ஏதோ பிரெஞ்சில் சொன்னது. அந்தப் பெண் ஓரடி பின்னால் போனாள். அவளுடைய கணவர் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் கேட்டார்: "வருகிற ஆட்களின் தோலையா உரிக்கிறீர்கள்?"

கலந்தர் பதறிப்போனார். வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவது நல்லது என்று நினைத்து, இடுப்பில் செருகியிருந்த உரிக்கிற கத்தியைச் சட்டென்று உருவினார். அந்தப் பெண் வேன் பக்கம் நடக்கவே தொடங்கிவிட்டாள். பக்கத்தில் கிடந்த கறுவாக் கம்பை எடுத்துக் கலந்தர் விறுவிறுவென்று உரிக்க, வாசனை எழும்பியது. கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் திரும்பி வந்து பட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். என்றாலும் கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வீட்டில் இதைக் கேட்ட மனைவி றஹீமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"திருப்பிக் குடுத்துட்டு வேற ஏதாச்சும் எடுங்களேன்," என்றாள்.

"றினோஸ் எல்லாத்தையும் சொல்லித்தானே தந்தான். எந்த முகத்தோட குடுக்கிற?"

றஹீமா டெப்பை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். "இவ்வளவு பெரிசா ஈக்குது. பேச்ச விடுங்க. படம் காட்ட ஏலாதா?"

கலந்தருக்கு உடனே தோட்டத்து வெனிலாக் கொடி ஞாபகத்துக்கு வந்தது. வெனிலாப் பூ விடியற்காலையில் விரியும், பகலுக்குள் வாடிவிடும். பயணிகளின் வேன் வரும்போது கொடியில் இலை மட்டும்தான் இருக்கும். பூ எப்படி இருக்கும் என்று இத்தனை வருடமும் விரலை விரித்துத்தான் காட்டி வந்தார்.

அடுத்த நாளே டெப்பால் படம் எடுத்துப் பார்த்தார். பூ தண்ணீருக்குள் கிடப்பது போல மங்கலாக விழுந்தது. றஹீமாவின் போன் கெமரா நல்லது. எனவே, ஒரு காலை ஆறு மணிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனார். தோட்டத்து வாசலைப் பஸ்ஸில் எத்தனையோ முறை கடந்திருக்கிறாள். உள்ளே வருவது அன்றுதான் முதல் தடவை.

கொடியடியில் நின்றதும் கலந்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தக் கொடி மெக்சிகோ நாட்டிலிருந்து வந்தது," என்று வழக்கமான குரலில் ஆரம்பித்தார்.

"என்னையும் வெள்ளக்காரி எண்டு நெனச்சீங்களா?"

அவர் வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார்.

"நிப்பாட்டாதீங்க, சொல்லுங்க," என்றாள் றஹீமா.

அவர் சொன்னார். ஈர்க்கு ஒன்றை எடுத்து, பூவின் உள்ளே இருந்த மெல்லிய மடலை விலக்கி, மகரந்தத்தை விரலால் அழுத்தி ஒட்டினார். ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே இப்படிச் செய்தால்தான் காய் பிடிக்கும் என்றார். அந்தத் தடித்த விரல்கள் அவ்வளவு பதமாக வேலை செய்ததை றஹீமா நெருங்கி நின்று பார்த்தாள். இருபது படத்துக்கு மேல் எடுத்தாள். "இதுவும் உங்கட வேல எண்டு எனக்குத் தெரியாமப் போச்சே," என்று மெதுவாகச் சொன்னாள். கலந்தருக்கு அன்று முழுக்க நடையே வேறாக இருந்தது.

அந்த வாரம் போலந்துக் கூட்டமொன்று வந்தது. நிழலில் எல்லாரையும் வளைத்து நிறுத்தி, றஹீமாவின் போனிலிருந்து டெப்பில் ஏற்றியிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். தள்ளியதும் அடுத்த படம் வருவதற்குச் சுணங்கியது. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பின்வரிசையில் நின்றவர்களுக்கும் பூ தெரிந்தது. ஒரு வயதான பெண் திரையிலிருந்த கையையும் கலந்தரின் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஒரு வார்த்தைகூடப் பேசத் தேவைப்படவில்லை.

தோட்டத்தின் இன்னொரு வழிகாட்டியான சசிகரன் பார்த்துக்கொண்டே நின்றான். கூட்டம் போனதும் வந்து கேட்டான்:

"நானா, நானும் ஒன்னு வாங்கலாமா?"

"பேசுறதுக்கு எண்டா வேணாம். படம் எடுக்கவும் வேணாம். வெயிலுக்குக் கொண்டு போகவே ஏலா."

"அப்போ எதுக்குத்தான் நல்லது?"

"பத்துப் பேருக்கு ஒரே நேரத்துல காட்டலாம். பின்னேரம் நாலு மணிக்கும் சார்ஜ் ஈக்கும். எனக்கு அது போதும். உங்களுக்கு என்ன வேணும் எண்டு முதல்ல யோசிங்க."

சசிகரன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். றஹீமா யோசிக்கவில்லை. சாதிக்காய் வெடித்து உள்ளே சிவப்பாகத் தெரியும் நாளில் தன்னைக் கட்டாயம் கூட்டிப் போக வேண்டும் என்று கலந்தரிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.