சுவரை விட்டு நகர்ந்த நிழல்

நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். இது நடுச்சாமத்தில் சுடலையடியில் நடந்த கதையும் இல்லை. காலை பத்தரை மணி. வெளியே செங்கலடிச் சந்தியில் வெயில் கொளுத்துகிறது. பதுளை ரோட்டு பஸ்காரன் தொண்டை கிழியக் கத்துகிறான். அந்த நேரத்தில்தான் என் ஸ்ரூடியோவுக்குள் அது வந்தது.

ஸ்ரூடியோவுக்குள் பகல் என்று ஒன்று கிடையாது. யன்னல் இல்லாத அறை. கதவைச் சாத்தினால் கும்மிருட்டு. வெளிச்சம் நான் போட்டால் உண்டு, நிறுத்தினால் இல்லை. கலியாணப் பொம்பிளைக்கு மூக்குத்திப் பக்கம் கொஞ்சம் நிழல் விட்டால் முகம் எடுப்பாக இருக்கும். பாஸ்போட் படத்துக்கு அந்த விளையாட்டெல்லாம் சரிவராது. முகத்திலும் நிழல் கூடாது, பின்சுவரிலும் கூடாது. துளி விழுந்தாலும் பாஸ்போட் கந்தோரில் படத்தைத் திருப்பி விடுவார்கள். அதற்காகவே ஆளைச் சுவரிலிருந்து நாலடி தள்ளி இருத்தி, இரண்டு பக்கமும் லைட் வைப்பேன். என் கையை மீறி இதுவரை எந்த நிழலும் சுவரில் ஏறியதில்லை என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள் நான்.

அன்று வந்தவள் தக்ஷாயினி, மாங்கேணிப் பிள்ளை. கூட வந்தவர் அழகரத்தினம், வெளிநாட்டு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் புரோக்கர்.

"கெதியா எடுங்க தங்கச்சி. நாளைக்கு வேன் கொழும்புக்குப் போகுது. இண்டைக்கே படத்தை அனுப்பணும்," என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்ப் போனைத் தடவத் தொடங்கினார். என் கணினியிலிருந்து கந்தோருக்குப் படம் போனால்தான் அவளுக்குப் பாஸ்போட்.

"அன்ரி, என்னைத் தெரியுதா? நான் வதனிட தங்கச்சி."

வதனியை எனக்கு நல்ல ஞாபகம். இரண்டு வருடத்துக்கு முன் இதே ஸ்டூலில் இருந்து இதே பாஸ்போட் படம் எடுத்தவள். காது தெரிய முடியை ஒதுக்குவதற்கு, ஸ்ரூடியோவில் கிடந்த பெரிய சிவப்புக் கிளிப்பைக் கொடுத்தேன். நண்டுக் கால் மாதிரிப் பல்லுப் பல்லாக முடியைக் கவ்வுமே, அந்தக் கிளிப். யாரும் சுருட்டிக்கொண்டு போகக் கூடாதென்று நெயில் பொலிஷால் வெள்ளைப் பொட்டு ஒன்றும் வைத்திருந்தேன். அப்படியும் மகராசி அதைத் தலையில் குத்தியபடியே வெளிநாடு போய்விட்டாள்!

"எங்க உன்ட அக்கா? என்ட கிளிப்பைத் தரச் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை.

"அக்கா கதைச்சு ஒரு வருசத்துக்கு மேல அன்ரி. வீட்டுக்காரர் போனை வாங்கி வெச்சித்தாங்க எண்டு அழகரத்தினம் மாமா சொன்னார். இப்ப அதே வீட்டுக்குத்தான் என்னையும் அனுப்புறார். போனா அக்காவைக் காணலாம்தானே?"

நான் லைட்டைப் போட்டேன். இரண்டு பிளாஷும் "கீஈஈ" என்று மின்சாரம் ஏற்றி, "பீப்" என்றன.

"காதுக்குப் பின்னால முடிய ஒதுக்கு புள்ள. ஆடாம இரு."

கிளிக்.

திரையில் பார்த்தேன். முகம் துப்புரவாக இருந்தது. ஆனால் சுவரில், அவளுடைய தோளுக்குப் பக்கத்தில், ஒரு நிழல். ஒரு பெண்ணின் தலையும் தோளும். லைட்டை எதுவோ மறைக்கிறதாக்கும் என்று எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் கண்ணுக்குச் சுவர் வெள்ளையாகத்தான் தெரிந்தது.

இரண்டு விஷயம் உறுத்தியது. தக்ஷாயினி முடியை விரித்து விட்டிருந்தாள். நிழலின் தலையிலோ பல்லுப் பல்லாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

மற்றது, அதன் ஓரம். பிளேடால் வெட்டியது போல அவ்வளவு கூர். இதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கரண்ட் போன நேரம் விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் கையைப் பிடியுங்கள். கை சுவருக்குக் கிட்ட இருந்தால் நிழல் சின்னதாக, கூராக விழும். விளக்குக்குக் கிட்ட வர வர, நிழல் பெருத்து ஓரம் மங்கும். தக்ஷாயினி இருப்பதோ நாலடி தள்ளி. அவளுடைய நிழல் இப்படிக் கூராக விழ வழியே இல்லை. சுவரோடு ஒட்டி யாராவது நின்றால்தான்...

அங்கே யாரும் இல்லை.

"என்ன அன்ரி?"

"ஒண்டுமில்ல. இன்னொண்டு எடுப்பம்."

கிளிக்.

நிழல் பெருத்திருந்தது. ஓரம் கொஞ்சம் கரைந்திருந்தது. அது சுவரை விட்டு நகர்ந்திருந்தது.

கீஈஈ... பீப்.

கிளிக்.

இப்போது சுவர் முழுக்க நிழல். மழைமேகம் போல மங்கல். உச்சியில் அந்தப் பற்கள் மட்டும் தெரிந்தும் தெரியாமலும். இவ்வளவு பெரிய நிழல் விழ வேண்டுமானால், ஆள் லைட்டோடு ஒட்டி நிற்க வேண்டும்.

லைட் எனக்குப் பக்கத்தில் இருந்தது.

இடது பக்கம். ஒரு முழத் தூரம்.

நான் திரும்பவில்லை.

தேங்காயெண்ணெய் மணத்தது...

விரல் தானாக அழுத்திவிட்டது.

பளிச்!

பிளாஷ் அடித்ததை என் கண்ணால் கண்டேன். திரையில் படம் வெறும் கறுப்பு. கமராவின் முகத்துக்கு முன்னால் யாரோ வந்து மறைத்தது போல...

"அன்ரி..." தக்ஷாயினி மெல்லக் கூப்பிட்டாள். "இப்ப என்ட முடிய ஒதுக்கினது நீங்களா?"

நான் கமராவுக்குப் பின்னால் நின்றேன். அசையவே இல்லை.

விரிந்து கிடந்த அவளுடைய முடி, இரண்டு காதுக்குப் பின்னாலும் இறுக்கிச் செருகப்பட்டிருந்தது.

எப்படிக் கதவைத் திறந்தேனோ தெரியாது. வெயில் உள்ளே பாய்ந்தது. அழகரத்தினமும் வந்தார்.

"இன்னும் முடியல்லியா? என்ன தங்கச்சி, ஒரு படத்துக்கு இவ்வளவு..."

வாய் அப்படியே நின்றுவிட்டது. திரையில் நான் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்த முதல் படம், தலையில் பற்களோடு அந்தப் பெண்ணின் நிழல். அவர் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"லைட் பிழை. வேற ஸ்ரூடியோவில எடுப்பம். வா புள்ள."

தக்ஷாயினி ஸ்டூலை விட்டு எழவில்லை.

"மாமா, எங்கட அக்கா உசிரோட இரிக்காளா?"

"பிறகு... பிறகு கதைப்பம்."

"இப்ப சொல்லுங்க."

அவர் அவளை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி நடந்தார். மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு போன சத்தம் கேட்டது. அடப் பாவி, உன்னை நம்பித்தானே இந்தப் பிள்ளை வந்தாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படத்தை நான் அனுப்பவில்லை. அவளும் கேட்கவில்லை.

இரண்டு பேரும் பொலிஸ், வெளிநாட்டு வேலைப் பணியகம் என்று கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினோம். ஒரு மாதம் கழித்துத் தகவல் வந்தது. வதனி செத்துப் பதினாலு மாதம். அந்த நாட்டு ஆஸ்பத்திரியில் உடல் கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது. படியில் கால் தடுக்கி முகம் குப்புற விழுந்தாளாம், வீட்டுக்காரர் அப்படித்தான் சொன்னார்களாம். அழகரத்தினத்துக்கு இதெல்லாம் அவள் செத்த வாரமே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் தங்கச்சியையும் அதே வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்.

மரண அறிவித்தலுக்கு அவள் வீட்டில் வதனியின் படம் கேட்டார்கள். பழைய படத்தைத் தேடப் போன இடத்தில், அந்தக் கறுப்புப் படம் கண்ணில் பட்டது. இருட்டாக எடுபட்ட படத்தைக் கணினியில் வெளிச்சம் கூட்டிப் பார்ப்பது எங்கள் தொழிலில் பழகிய வேலை. கூட்டினேன். படம் புள்ளி புள்ளியாகச் சிதறியது. இன்னும் கூட்டினேன்.

ஒரு பின்தலை. எண்ணெய் தேய்த்த கூந்தல். அதைக் கவ்வியபடி சிவப்புக் கிளிப். வெள்ளைப் பொட்டு. கிளிப்பில் ஒரு பக்கத்துப் பற்கள் இல்லை.

எனக்கு முதுகு காட்டி, தங்கச்சியைப் பார்த்து நிற்கிறாள் என்று நினைத்தேன். அன்று பயத்தை விட அழுகைதான் வந்தது.

அடுத்த கிழமை வதனியின் உடலோடு பெட்டி வந்தது. இங்கே ஆஸ்பத்திரியில் மறுபடி பரிசோதித்தார்கள். தக்ஷாயினிதான் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். முகத்தில் ஒரு கீறல் கூட இல்லையாம். பின்தலை எலும்புக்குள்ளிருந்து டொக்டர் சிவப்புப் பிளாஸ்டிக் பற்கள் எடுத்தாராம்.

தங்கச்சியைப் பார்த்து நின்றாள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.