கீழ் லயத்து எள்ளுருண்டை

எள்ளுருண்டையைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் குமட்டும். எள்ளின் மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் என்னுடையது, என்னோடு பந்தடித்த ஒன்பது பேருடையது.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கால்பந்து நடக்கும். இடைவேளைக்கு ஆளுக்கொரு பணிஸும் தேத்தண்ணியும் தருவார்கள். டவுன் பேக்கரியில் விற்காமல் கிடந்த பணிஸ் அது. பிய்த்தால் நூல் நூலாக இழுபடும், புளித்த வாடை மூக்கில் ஏறும். அதைத் தின்றுவிட்டு ஓடிய இரண்டு பேர் மைதானத்திலேயே வாந்தி எடுத்தார்கள். தோட்டத்து டாக்டரய்யா வந்து பார்த்துவிட்டுக் கண்டபடி ஏசினார். வீட்டில் எள்ளும் கடலையும் குரக்கனும் இருக்க, இந்தக் கருமத்தை ஏன் தின்கிறீர்கள் என்று கேட்டார்.

நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை லயம் என்போம்; அன்றிலிருந்து லயத்துக்கு ஒரு வாரம் என்று முறை வைத்தோம். மேல் லயத்துப் பெண்கள் குரக்கன் ரொட்டி சுட்டுத் தந்தார்கள். நடு லயத்திலிருந்து தேங்காய்ப்பூ போட்ட அவித்த கடலை வந்தது. கீழ் லயத்துக்கு மட்டும் முறை இல்லை. சாதியில் குறைந்தவர்கள் என்று ஒதுக்கி வைத்திருந்த லயம் அது. வேண்டாம் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் காரியத்தை முடிப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

எங்கள் கோல் கீப்பர் அந்த லயத்துக்காரன். பந்தைப் பிடிக்க அவன் கை வேண்டும், அவன் வீட்டில் பிடித்த உருண்டை வேண்டாம். சீ, என்ன பிழைப்பு.

அவன் பெண்சாதி ஒருநாள் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது என்னை நிறுத்தினாள்.

"அண்ணே, எங்க லயத்துக்கு மட்டும் ஏன் முறை இல்ல? ஒரே ஒரு தடவ குடுங்க. நீங்க மொதல்ல ஒண்ண எடுத்துத் தின்னுட்டா மத்தவங்களும் தின்னுருவாங்க. ஒருக்கா தின்னுட்டாங்கன்னா, அப்புறம் எந்த மொகத்த வச்சுக்கிட்டு எங்கள ஒதுக்குவாங்க?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. மழை நாட்களில், ஆள் பார்க்காத நேரம் பார்த்து, அவள் வீட்டில் நான் எத்தனையோ தடவை தின்றிருக்கிறேன். சரி தங்கச்சி என்று வாக்குக் கொடுத்தேன். டாக்டரய்யா பேரைச் சொல்லி முறையும் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு அவள் எள்ளை வறுத்து, கித்துள் கருப்பட்டி போட்டு இடித்து, உருண்டை பிடித்து ஒரு பேசின் நிறையக் கொண்டுவந்தாள். என் கையில் கொடுத்துவிட்டு மேட்டில் பெண்களோடு போய் நின்றுகொண்டாள். கீப்பர் கைகால் கழுவப் பீலிக்குப் போயிருந்தான். நாங்கள் பத்துப் பேரும் கோல் கம்பத்துக்குப் பின்னால், தேயிலை ஓரமாக நின்றோம். எல்லாருடைய கண்ணும் என் மேல். ஓர் உருண்டையை எடுத்து வாய்க்கருகே கொண்டுபோனேன். நல்ல வாசம். வாயில் எச்சில் ஊறியது.

"ஒன் கூடப்பொறந்த தங்கச்சிக்கு மாப்ள பாக்குற நேரம். யோசிச்சுத் தின்னு," என்றான் கேப்டன். கங்காணியின் மகன்.

நான் யோசித்தேன். கையை இறக்கினேன்.

"பின்னால போட்டுருங்கடா," என்றான் அவன். "அவனுக்குத் தெரிய வேணாம். பாவம், மனசு கஷ்டப்படுவான்."

அந்தக் கரிசனத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் அருவருப்பு. மேட்டிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, முதுகுக்குப் பின்னால், ஒவ்வொருவனாகத் தேயிலைக்குள் போட்டான். பேசினில் மிஞ்சியதையும் தூரினடியில் கவிழ்த்தார்கள். என்னுடையதை நானும் போட்டேன். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டேன், தின்றவன் மாதிரி.

இரண்டாம் பாதியில் நாங்கள் காக்க வேண்டியது அதே கம்பம். அந்த யோசனைகூட எங்களில் ஒருவனுக்கும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பந்து கம்பத்தைத் தாண்டித் தேயிலைக்குள் போனது. கீப்பர் எடுக்கப் போனான். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது ஒரு கையில் பந்து, மறு கையில் மண் ஒட்டிய எள்ளுருண்டை. பந்தை என்னிடம் எறிந்தான். உருண்டையை என் முகத்தைப் பார்த்தபடியே மண்ணோடு கடித்துத் தின்றான். அதற்கப்புறம் வந்த பந்துகளையும் ஒழுங்காகத்தான் பிடித்தான்.

ஆட்டம் முடிந்ததும் அவள் ஓடிவந்தாள். வெறும் பேசினைக் கண்டு அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"எல்லாம் முடிஞ்சிருச்சா அண்ணே? நீங்க தின்னீங்களா?"

"தின்னேன் தங்கச்சி. நல்லா இருந்துச்சு," என்றேன். கீப்பர் பக்கத்தில்தான் நின்றான்.

"அப்ப அடுத்த மொறைக்கு இன்னும் கூடச் செய்றேன்."

அவன் பேசினை வாங்கிக்கொண்டான். அவன் பல்லிடுக்கில் எள் இருந்தது, மண்ணும் இருந்தது.

"வேணாம் புள்ள," என்றான். "அவங்களுக்கு வயிறு நெறஞ்சிருச்சு."