அஞ்சலாட்சி கேட்டது மலைமேல் ஒரு முகாம்

அஞ்சலாட்சி போய்விட்டாள். இன்று காலை, களமருதூரில், அவள் வீட்டிலேயே... மாரடைப்பு என்கிறார்கள்.

கல்வராயன் மலைப் பள்ளிகளுக்குப் போய்வந்த சிறப்பாசிரியை. காது கேளாத, பார்வை குறைந்த, கற்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கான டீச்சர். என்னோடு பி.எட். படித்தவள். நான் கல்லூரியில் பாடம் எடுக்கப் போனேன், அவள் மலைக்குப் போனாள்.

இப்படிப் பதிவு போடும் பழக்கம் எனக்கு இல்லை. மதியம் அவள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்ததை ஒருவர் எனக்கு அனுப்பினார். அவள் படம், கீழே "தியாகச் சுடர்".

அதை எழுதிய அதிகாரி, போன மாதம் வரை அவளைச் "சண்டைக்காரி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். என் காதுபடவே.

சண்டைக்காரிதான். என்ன சண்டை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான மதிப்பீட்டு முகாம் வருடாவருடம் கள்ளக்குறிச்சியில் நடக்கும். டாக்டர், உளவியலாளர், காது டெஸ்ட் மெஷின் எல்லாம் கீழேதான். மலையிலிருந்து பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குவார்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுக்கும். டிரைவர் கத்துவார். அதனால் ஏறும்போதே ஆளுக்கொரு வாந்தி மாத்திரை கொடுத்துவிடுவது பள்ளிகளில் வழக்கம். நல்ல எண்ணத்தில்தான்.

அந்த மாத்திரை போட்டால் தூக்கம் வரும். பிள்ளைகள் அரைத்தூக்கத்தில் வந்து இறங்கும். இறங்கியதும் டெஸ்ட்.

"சத்தம் கேட்டா கையத் தூக்கு" என்றால் எந்தப் பிள்ளை தூக்கும்?

வெள்ளிமலைப் பக்கம் கோகிலா என்று ஒரு சிறுமி. காது மந்தமாக இருக்குமோ என்று அஞ்சலாட்சிக்குச் சந்தேகம். காதுக் கருவி கிடைக்கட்டும் என்றுதான் முகாமுக்கு அனுப்பினாள். குழந்தை மேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டது.

அறிவுசார் குறைபாடு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அதோடு வகுப்பில் அவளுக்கு எழுத்து சொல்லித் தருவதும் நின்றது. கலர் பென்சிலைக் கையில் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தார்கள்.

அஞ்சலாட்சி இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. இந்த மதிப்பீடுகளைப் பற்றி ஆய்வு செய்கிறவள் நான். "ஒரு மாத்திரைக்கு இவ்வளவா? வேற காரணம் இருக்கலாம். ஆதாரம் வேணும்" என்றேன்.

"இன்னா பெரிய ஆதாரம்? கெளம்பி வெள்ளிமலைக்கு வா" என்றாள்.

போனேன். வகுப்பில் கோகிலாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு மிட்டாய்க் காகிதத்தைக் கசக்கினாள். எல்லாப் பிள்ளைகளும் திரும்பின. கோகிலா திரும்பவில்லை. பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்தாள், பிறகு திரும்பினாள். சிரிப்பு வேறு.

"பாத்தியா? மத்ததுங்க திரும்புறத பாத்துகினு திரும்புது. இதுக்கா அறிவு கம்மி?"

திரும்பும்போது பஸ் ஏறுவதற்கு முன் அதே மாத்திரையை என்னிடம் நீட்டினாள். "போட்டுக்கினு எறங்கு. கீழ போனதும் ஒனக்கு டெஸ்ட்டு."

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஏழாம் வாய்ப்பாடு கேட்டாள். பாதியில் கொட்டாவி, அதற்குமேல் வரவில்லை.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா டீச்சர், மேடத்துக்கு ஒடம்பு சரியில்லீங்களா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்காங்க. காலேஜ் புரொபசரு. அறிவு கம்மின்னு இப்பதான் எழுதப் போறேன்."

ஓர் ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று அப்போதும் சொன்னேன். "செத்தாலும் ஒத்துக்க மாட்ட நீ" என்றாள். ஆனால் அவள் அலுவலகத்தின் அடுத்த கூட்டத்துக்கு அவளோடு நானும் போனேன்.

முகாமை மலைமேல் நடத்துங்கள், பிள்ளைகள் நடந்தே வரட்டும் என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

"மெஷினெல்லாம் மலை ஏறாதும்மா" என்றார் அதிகாரி.

"ஏன் சார், அதுக்கும் வாந்தி வருமா? ஒரு மாத்திரய போட்டு ஏத்துங்க."

அறையே சிரித்தது, அவரைத் தவிர. அன்று வைத்த பெயர்தான் சண்டைக்காரி.

அவளும் விடவில்லை. அலைந்தாள், கத்தினாள், மனுமேல் மனு கொடுத்தாள். கடைசியில் வரும் வியாழக்கிழமை வெள்ளிமலைப் பள்ளியிலேயே முகாம் என்று ஒப்புக்கொண்டார்கள். முதல் ஆள் கோகிலா.

இன்று அந்தத் "தியாகச் சுடர்" செய்திக்கு அடுத்த செய்தி இது: அன்னாரின் மறைவையொட்டி மலை முகாம் ரத்து. மாணவர்களை வழக்கம்போல் கள்ளக்குறிச்சி முகாமுக்கு அழைத்து வரவும்.

மரியாதை செய்கிறார்களாம்.

எதைக் கேட்டுச் சண்டை போட்டாளோ, அதை அவள் சாவைச் சொல்லியே ரத்து செய்கிறார்கள். உடலை இன்னும் எடுக்கக்கூட இல்லை.

தியாகம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவள் எதையும் விட்டுக்கொடுத்தவள் இல்லை.

சாயங்காலம் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவள் போன் அடித்தது. அவள் மகள் எடுக்க முடியாமல் என்னிடம் நீட்டினாள். கோகிலாவின் அம்மா.

"டீச்சருங்களா? வியாழக்கிழம எத்தினி மணிக்குனு கேக்கலாம்னு..."

சொன்னேன். அவள் போய்விட்டதையும், முகாம் ரத்தானதையும்.

"பாப்பாவுக்கு மாத்திர குடுக்காத, வவுறு நெறய சோறு போட்டு கூட்டியான்னு சொல்லிகினே இருந்தாங்கம்மா... நாங்க இஸ்கூலாண்ட வந்துடறோம். நீங்க யாருங்க? நீங்க வருவீங்களா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மெஷின் வருமா என்று அதிகாரிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. இந்தப் பதிவை அவர் படிப்பார்.

போ அஞ்சலாட்சி... பாப்பாவுக்கு மாத்திரை கொடுக்க மாட்டார்கள்.