பொங்காத பானைக்குக் குலவை

என் பேத்தி இரண்டாம் வகுப்பு படிக்கும் பள்ளியில் போன ஜனவரியில் ‘பாரம்பரியத் திருவிழா’ நடத்தினார்கள். பொங்கலுக்கு அங்கே அப்படி ஒரு பெயர். ராஜபாளையத்தில் ஒரு மில்லின் கணக்குப் பிரிவில் ஆயுளைக் கழித்தவன் நான். எங்கே போனாலும் எதையாவது எண்ணாமல் இருக்க முடியாது.

வாசலில் பன்னிரண்டு கரும்புகள். பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்தவையாம். பிள்ளைகள் ஒடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். மைதானத்தில் ‘உழவர் இல்லம்’ என்ற பலகையோடு ஓர் ஓலைக் குடிசை. கிறிஸ்துமஸ் விழாவில் அதுதான் மாட்டுத் தொழுவமாக இருந்தது. குழந்தை இயேசுவைப் பத்திரமாக எடுத்தவர்கள் நான்கு தெர்மகோல் ஆடுகளை மறந்துவிட்டார்கள்.

புதிதாக டைல்ஸ் பதித்த வராந்தாவில், வகுப்புக்கு ஒன்றாக ஐந்து பானைகள். எல்லாம் கேஸ் அடுப்பில். விறகு பார்வைக்கு மட்டும், ரிப்பன் கட்டி ஓரமாக இருந்தது. பால் வழிந்தால் டைல்ஸில் கறை படியும் என்று பானைக்குக் கால்வாசிதான் ஊற்றச் சொல்லியிருந்தார் தாளாளர். பொங்கல் வைக்க வேண்டும், ஆனால் பொங்கக் கூடாது. படித்தவர்கள் கூடி யோசித்தால்தான் இப்படியொரு ஏற்பாடு வரும்.

முதல் குலவை போட என் பேத்தியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரு வாரமாக நாக்கைச் சுழற்றிச் சுழற்றிப் பழகியவளுக்கு முந்தின நாள்தான் சத்தம் பிசிறில்லாமல் வந்தது. காலையில் இட்லிகூட இறங்கவில்லை.

சிறப்பு விருந்தினர் அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு பள்ளியின் பொங்கலுக்குப் போக வேண்டுமென்று கடிகாரத்தைப் பார்த்தார். உடனே ஆசிரியை குனிந்து, குலவையைப் போடச் சொன்னார். பேத்தி தன் வகுப்புப் பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“இன்னும் பொங்கவே இல்லயே மிஸ்.”

“பரவால்ல, நீ போடும்மா.”

“பொங்காம எப்படிப் போட?”

மைக் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் போனது. அவள் குலவை போடுவதுபோல் வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஒலிபெருக்கியில் பதிவு செய்த குலவை முழங்கியது. போட்டோ எடுத்தார்கள். என் மருமகள் உட்பட அத்தனை பேரும் கைதட்டிவிட்டு, நடனம் பார்க்க மேடைப் பக்கம் போய்விட்டார்கள். பேத்தி மட்டும் நகரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு பானையையே பார்த்தாள்.

அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த ஆயா தேவதானத்துக்காரி. பால் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். விருந்தினர் காப்பிக்கு வைத்த மூன்று பாக்கெட் இருந்தது.

“வழிஞ்சா அவிய என்னையத்தான் ஏசுவாக, பெரியவரே.”

“நான் ஊத்துனேன்னு சொல்லு.”

“அப்பம் சரி. நான் பாத்திரம் கழுவப் போறேன்” என்று பாக்கெட்டுகளை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

மூன்றையும் ஊற்றித் தீயைக் கூட்டினேன். பேத்தியைக் கைப்பிடித்துத் தள்ளி நிறுத்தினேன். பால் ஏறியது. நுரை கழுத்தைத் தாண்டி நான்கு பக்கமும் வழிந்து, அடுப்பை அணைத்தது. கேஸை மூடினேன். பால் டைல்ஸில் ஓடித் தலைமையாசிரியை அறையின் வாசலைத் தொட்டது.

பேத்தி குலவை போட்டாள். மேடையில் அலறிய பாட்டையும் மீறிக் கேட்டிருக்க வேண்டும். ஆசிரியை துடைப்பானோடு ஓடி வந்து, போதும், நிறுத்து என்றார்.

குலவை மூன்று போட வேண்டும். இன்னும் இரண்டு இருந்தது. அதையும் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள்.